கரையா, கறையா? கோடிட்ட இடத்தில் தடுமாறிய ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

"வேட்டியில் இருந்த ______ துவைத்தும் போகவில்லை."

கரை, கறை, உரை, உறை என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தேன். அவர் கரையை வட்டமிட்டிருந்தார். அழித்து எழுதிய தடயம் இல்லை, பேனா தயங்கிய புள்ளிகூட இல்லை. அவ்வளவு நிச்சயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். வேட்டிப் பிரிவில் ஏழு வருடம். அரை இஞ்ச் கரை, ஒரு இஞ்ச் கரை, கட்சிக்கரை என்று நாள் முழுக்கப் பிரித்துக் காட்டுகிறவர். வெள்ளை வேட்டியில் விரல் பட்டு அழுக்கானால் மேலாளரிடம் திட்டு வாங்குகிறவரும் அவர்தான். வேட்டியின் கரையும் வேட்டியில் பட்ட கறையும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது. ஆனாலும் தவறு செய்தார். ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் முதல் மூன்றை நான் வீணாக்கினேன்.

அவர் யார்

பெயரும் ஊரும் வேண்டாம். விருதுநகர் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்று. வயது 28. பி.காம். முடித்தவர். அம்மா மிளகாய்த் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிறவர். இவர் காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருவார். வாரம் ஒருநாள் விடுமுறை. அன்றைக்கு மட்டும் கிளை நூலகத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருவார். நான் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பொழுதுபோகாமல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, இப்போது அதுவே பொழுதாகிவிட்டது.

அவர் குறிவைத்தது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தமிழக அரசு வேலைக்கான போட்டித் தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், பத்தாம் வகுப்புத் தரம், 150 மதிப்பெண். தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழ் ஒருவகையில் வாசற்படி. ஒலி வேறுபாடு அறிந்து பொருள் காணுதல், கோடிட்ட இடம் நிரப்புதல், பொருத்தமான இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுத்தல், பொருந்தாச் சொல் கண்டறிதல் என்று சொல்லைச் சுற்றியே நிறையக் கேள்விகள் வரும்.

2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வை எழுதிவிட்டு, தோற்ற பிறகுதான் என்னிடம் வந்தார். கையில் ஒரு நோட்டு. அதற்கு முன் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் எழுதவைத்தது. அரம் என்றால் கருவி, அறம் என்றால் தருமம். பரவை என்றால் கடல், பறவை என்றால் புள். ஊன் என்றால் இறைச்சி, ஊண் என்றால் உணவு. இப்படிப் பக்கம் பக்கமாக. எந்த இடத்தில் கேட்டாலும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். வலி, வளி, வழி மூன்றையும் வரிசை மாற்றிக் கேட்டேன். திணறவில்லை.

பிறகு 30 வாக்கியங்கள் எழுதிக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். 13 தவறு.

என் முதல் கணிப்பு, அது தப்பான கணிப்பு

வேட்டிக் கேள்வியைப் பார்த்ததுமே எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. ர, ற குழப்பம். நம் பக்கத்தில் இரண்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். காது வேறுபடுத்தாததைக் கை எப்படி வேறுபடுத்தும்? சரி, உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்தும் திருந்தும் என்று நினைத்தேன். தமிழாசிரியர்களுக்கு இது ஒரு வியாதி. எந்தத் தவறைக் கண்டாலும் ழகரம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுவோம்.

மூன்று வாரம் நாக்கை மடக்கினோம். அவரும் பொறுமையாக மடக்கினார். அப்புறம் மறுபடி 30 வாக்கியம். தவறு 12.

ஒன்று குறைந்ததை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ர, ற மட்டும் பிரச்சினை என்றால் இணைப்புச் சொல் கேள்விகளில் ஏன் தவறு வருகிறது? "மழை பொய்த்தது. ______ கிணற்றில் தண்ணீர் இருந்தது." இதற்கு 'எனவே' என்று எழுதியிருந்தார். எனவே, ஆயினும் இரண்டுக்கும் உச்சரிப்பில் என்ன குழப்பம் இருக்க முடியும்?

தவறான வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரிந்தது. சரியான சொல்லைக் காட்டும் துப்பு பெரும்பாலும் கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தது. கோட்டுக்கு இடப்பக்கம் இருந்ததோ, தவறான சொல்லுக்கு ஆசைகாட்டும் இன்னொரு சொல். 'வேட்டியில்' என்று தொடங்கினால் கரை. 'மழை பொய்த்தது' என்று தொடங்கினால் எனவே. "கோயில் குளத்தில் ______ தேடிக் கொக்கு ஒன்று நின்றது" என்ற வாக்கியத்தில் இரை வரவேண்டிய இடத்தில் இறை என்று போட்டிருந்தார். கோயில் என்ற சொல்லைப் பார்த்த கண், கொக்கு வரும்வரை காத்திருக்கவில்லை.

பேனாவைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை

அடுத்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சத்தமாகப் படித்துக்கொண்டே நிரப்பச் சொன்னேன். "கடற்கரையில் நின்று…" என்று படித்தார். கோடு வந்தது. குரல் நின்றது. கண் கீழே விடைகளுக்கு இறங்கியது. வட்டம் விழுந்தது. பிறகுதான் மீதி வாக்கியத்தை முணுமுணுத்தார். அதுவும் ஒரு சம்பிரதாயத்துக்கு.

"ஏம்மா, வாக்கியம் முடியறதுக்குள்ள ஏன் பேனாவை வைக்கிறீங்க?"

"டைம் பத்தாது டீச்சர். கோடு வந்ததும் ஆப்ஷனைப் பாத்துரணும்னு சென்டர்ல சொன்னாங்க."

அப்படிச் சொன்னவரை முழுக்கக் குறைசொல்லவும் முடியாது. 180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஆனால் தமிழ் வாக்கியத்தை அப்படிப் படிக்க முடியாது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், எது, எத்தனை, எப்போது, நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் தெளிவாகும். 'போகவில்லை' என்று ஒருவர் வாய் மூடும்வரை போனதா இல்லையா என்று கேட்பவருக்குத் தெரியாது. கோட்டிலேயே நின்றுவிடுகிறவர், சாட்சி வருவதற்குள் தீர்ப்பு எழுதுகிறவர்.

கிணற்று வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "மழை பொய்த்தது. ______ கிணற்றில் தண்ணீர்…" என்பதுவரை எதையும் முடிவு செய்ய முடியாது. 'இல்லை' என்று முடிந்தால் எனவே. 'இருந்தது' என்று முடிந்தால் ஆயினும். ஒரே ஒரு சொல், அதுவும் கடைசிச் சொல், நடுவில் இருக்கும் சொல்லை மாற்றிவிடுகிறது.

கடையில் தெரிந்தது, தாளில் ஏன் தெரியவில்லை

இதைச் சொன்னதும் புரிந்தது என்று தலையாட்டினார். தலையாட்டலை நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் கடைக்கே போனேன். நிஜமாக இல்லை, பேச்சில்.

"கடையில ஒருத்தர் வேட்டியோட வந்து, 'ஏம்மா, இந்தக் கர போகவே மாட்டேங்குது'ன்னு சொல்றார். என்ன சொல்றார்?"

"கறை டீச்சர். டீக்கறையா இருக்கும்."

"இன்னொருத்தர், 'இந்தக் கர ரொம்ப அகலமா இருக்கு'ங்கிறார்."

"அது பார்டர்."

"ரெண்டு பேரும் 'கர'ன்னுதானே சொன்னாங்க? எப்படிப் பிரிச்சீங்க?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போகலன்னு சொன்னாரே… பார்டர் எப்படிப் போகும்?" என்றார்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மையம் இந்த ஒரு பதில்தான். அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை அதைத்தான் செய்கிறார். ஒலி ஒன்றாக இருந்தாலும், பின்னால் வரும் வினையை வைத்துச் சொல்லை அடையாளம் காண்கிறார். காதால் கேட்கும்போது வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாளிலோ அவசரப்பட வழியிருக்கிறது. பயிற்சி மையம் அவருக்குச் சொற்களைக் கற்றுக்கொடுத்தது. கூடவே, காத்திருப்பதை மறக்கவும் வைத்தது.

ஆகவே புதிதாக எதையும் கற்றுத்தரத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். காதின் பழக்கத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும்.

மடித்த தாள்

செய்தது மிக எளியது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நீளத் துண்டுத் தாளில் எழுதி, கோடுவரை உள்ள பகுதியை உள்ளே மடித்துவிட்டேன். கண்ணில் படுவது வால் மட்டும். "…துவைத்தும் போகவில்லை." விடைகளும் இல்லை. துவைத்தும் போகாதது என்னென்ன என்று கேட்டேன். "கறை, எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், சாயம்" என்று அடுக்கினார். பிறகு தாளை விரித்து, விடைகளைக் காட்டினேன். கரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டு வாரம் இதையே செய்தோம். முதலில் வால், பிறகு தன் சொல், பிறகு தலை, கடைசியில் விடைகள். அவரவர் சொல்லை முதலில் சொல்லவைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. விடைகளில் உள்ள சொற்கள் நம்மை இழுப்பதற்குள் மனத்தில் ஒரு வார்ப்பு உருவாகிவிடுகிறது. அதில் பொருந்துவதை எடுத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. பாடம் நடத்திய காலத்தில் நானும் அதை மனப்பாடம் செய்ததோடு சரி. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எது பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு ஒரு நூற்பா உண்டு. "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே" என்று முடியும். வினை, இனம், சார்பு. மூன்றே துப்பு.

உரைகாரர்கள் இதற்கு 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மாமரமும் மா, விலங்கும் மா, குதிரையும் மா. 'மா பூத்தது' என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் மருது நிற்பதால் மரம், இது இனம். கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை. நிற்கும் நிலை காட்டுகிறது, இது சார்பு.

"தோசைக்கல் முன்னாடி நின்னு கேட்டா அரைச்ச மாவு, அப்படித்தானே டீச்சர்?" என்றார். உரைகாரர் இருந்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்.

நூற்பா பேசுவது, சொல் கையில் இருக்கும்போது பொருளைத் தேடுவதைப் பற்றி. கோடிட்ட இடத்தில் நிலைமை தலைகீழ். பொருள் பாதி தெரிகிறது, சொல் இல்லை. ஆனாலும் துப்புகள் அதேதான். "கெண்டையும் ______யும் வலையில் சிக்கின" என்றால் வாலையும் இல்லை, வாழையும் இல்லை, வாளை. இனமும் சொல்கிறது, வினையும் சொல்கிறது.

மிகையான நம்பிக்கை

வைத்தியம் அளவுக்கு மீறினால் அதுவே நோயாகும். வினையைப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறிவிட்டது. ஒருநாள் இந்த வாக்கியம்: "முழுநிலா எழுந்ததும் மணல் மேடெங்கும் ______ வீசியது." விடைகள் ஒளி, ஒலி, வளி, வலி. வளி என்று போட்டார். வீசுவது காற்றுதானே, வினை பொருந்துகிறதே என்றார்.

வீசு என்பது தாராள மனசுள்ள வினை. காற்று வீசும், மணம் வீசும், ஒளி வீசும், மீனவர் வலை வீசுவார், சிறுவன் கல் வீசுவான். இத்தனை பேரோடும் உறவு வைத்திருக்கும் வினையை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அப்போது இடப்பக்கம் திரும்பி நிலாவைப் பார்க்க வேண்டும். மாறாக, 'துவைத்தும் போகவில்லை' என்பது கஞ்சத்தனமான வினை. ஒன்றிரண்டு பேரைத்தான் சேர்த்துக்கொள்ளும். எது தாராளம், எது கஞ்சம் என்று பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு இந்தத் தவறும் குறைந்தது. இந்தப் பெயர்கள் அவர் வைத்தவை. இலக்கணத்தில் தேட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், முரணைக் காட்டும் தனிச்சொல் ஒன்று இருக்கும் என்று வாக்கியத்தில் தேடுகிறார்கள். தமிழிலும் ஆனால், ஆயினும், இருப்பினும் எல்லாம் உண்டுதான். ஆனால் பாதி நேரம் அந்த வேலையை ஒரு சிறு ஒட்டு செய்துவிட்டுப் போய்விடும். 'துவைத்தும்' என்பதில் உள்ள 'உம்' அப்படிப்பட்டது. துவைத்தால் போயிருக்க வேண்டும், போகவில்லை என்ற முழுக் கதையும் அந்த ஒரு உம்மில் இருக்கிறது. 'மட்டும்', 'கூட', 'ஆவது' எல்லாம் இந்த வகைதான்.

இதைச் சோதிக்க, அவருக்குத் தெரியாத சொல் ஒன்றைக் கொடுத்தேன். "எல்லோரும் ஓடியாடி வேலை செய்ய, அவன் மட்டும் வாளாவிருந்தான்." வாள் வைத்திருந்தானா என்று முதலில் கேட்டார். 'மட்டும்' என்பதைத் தொட்டுக் காட்டினேன், வேறு எதுவும் சொல்லவில்லை. "அப்போ சும்மா இருந்தான்" என்றார். வாளா என்றால் சும்மா என்பதுதான் பொருள். அகராதி தேவைப்படவில்லை.

துப்பு தீர்ந்துபோகும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு, சூழல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. சூழல் வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே போக, சொல் கையில் இருக்க வேண்டும்.

வெட்டுவது என்ற ஒரே செயலைப் பாருங்கள். காயை நறுக்குவோம் அல்லது அரிவோம். மரத்தை வெட்டுவோம். கதிரை அறுப்போம். விறகைப் பிளப்போம். முடியைக் கத்தரிப்போம். தேங்காயை உடைப்போம். இதை நடத்திக்கொண்டிருந்தபோது, "துணியைக் கிழிப்போம்" என்றார். முதலில் நான் தவறு என்றுதான் நினைத்தேன். கிழிப்பது கெடுப்பதல்லவா? அவர் விளக்கினார்: கடையில் 'ரெண்டு மீட்டர் கிழி' என்றுதான் சொல்வார்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு கொடுத்து, இழை பிடித்து நேராகக் கிழித்தால்தான் துணி கோணாமல் வரும். அந்தச் சூழலில் 'வெட்டு' என்பதைவிட 'கிழி' என்பதே பொருத்தமான சொல். தொழிலில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். அன்றைக்கு மாணவி நான்.

ஆனால், 'கிழி' என்று எந்தச் சூழலை வைத்தும் என்னால் ஊகித்திருக்க முடியாது. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மரபுச் சொற்கள் முழுக்க இப்படித்தான். மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும். வாக்கியத்தில் மயில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுவரை துப்பு உதவும். அகவும் என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' என்ற கட்டுரை இருக்கிறது. தாவரத்தின் அடியைக் குறிக்கவே அதில் எத்தனை சொற்கள்! நெல்லுக்குத் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், கம்புக்கும் சோளத்துக்கும் தட்டு அல்லது தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. இளங்காய்க்கும் அப்படியே: மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, எள்ளின் பிஞ்சு கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைப்பிஞ்சு கச்சல்.

இங்கே அவருடைய பழைய நோட்டு உதவியது. அதைத் தூக்கி எறியச் சொல்ல இருந்தேன், நல்லவேளை, சொல்லவில்லை. மனப்பாடம் தேவைப்படும் இடம் வேறு, துப்பு தேடும் இடம் வேறு. பயிற்சி மையம் செய்த தவறு மனப்பாடம் செய்யச் சொன்னது அல்ல. இரண்டு இடத்தையும் ஒன்றாக்கியதுதான். மிளகாய்க்குக் கோல் என்றதும், "எங்கம்மா செடின்னு மட்டும்தான் சொல்லும்" என்றார். சரிதான். பாவாணர் சொன்ன சொற்களில் பல, இன்று வயலிலேயே கேட்பதில்லை. தேர்வுக்காகவாவது படிக்க வேண்டியதுதான்.

நான் எழுதிய ஒரு மோசமான கேள்வி

ஐந்தாவது வாரம் நான் கொடுத்த தாளில் ஒரு வாக்கியம் இருந்தது. "பூக்கடையில் நின்றதும் ______ நிறைந்தது." விடைகள் மனம், மணம் இரண்டு மட்டும். என் விடை மணம். அவர் மனம் என்று எழுதியிருந்தார். தவறு என்று குறித்தேன்.

"ஏன் டீச்சர் தப்பு? பூக்கடையில நின்னா மனசு நிறையாதா?"

பதில் இல்லை. வால் மடிப்பு செய்து பார்த்தேன். "…நிறைந்தது." மனமும் நிறையும், மணமும் நிறையும். தாராளமான வினை. இடப்பக்கம் பூக்கடை. அது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இனமாக வேறு சொல் எதுவும் இல்லை. வாக்கியத்தில் துப்பே இல்லை. என் மனத்தில் இருந்த பூவாசம் மட்டும்தான் இருந்தது.

தொல்காப்பியர் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார் என்பது அன்று இரவு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். வினை வேறுபடுத்தாது. அப்படிப்பட்ட இடத்தில், இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், 'மாமரம் வீழ்ந்தது' என்று. அதாவது, அந்த இடத்தில் பொறுப்பு கேட்பவருடையது அல்ல, சொல்பவருடையது. இத்தனை வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் நான் போட்ட பெருக்கல் குறிகளில் எத்தனை என் வாக்கியத்துக்குப் போட்டிருக்க வேண்டியவை என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வாக்கியத்தைத் திருத்தினேன்: "பூக்கடையைத் தாண்டும்போது ______ மூக்கைத் துளைத்தது." இப்போது மனத்துக்கு வழியில்லை. அவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணையும் கொடுத்தேன்.

அதன்பிறகு அவர் என் தாள்களைச் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பித்தார். சில கேள்விகளுக்கு எதிரே 'துப்பு இல்லை' என்று பென்சிலால் எழுதிவைப்பார். குரூப் 4 விடைத்தாளில் A, B, C, D-க்குப் பிறகு E என்று ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு, விடை தெரியவில்லை என்று சொல்ல. என் தாளுக்கு அவர் சேர்த்த ஆறாவது வட்டம் இது.

இப்போது

ஆறாவது வாரக் கடைசியில் கொடுத்த 30 வாக்கியத்தில் தவறு 4. அதில் இரண்டு மரபுச் சொல், படிக்காமல் விட்டவை. ஒன்று அவசரம். இன்னொன்று எங்கள் இருவருக்கும் இன்னமும் வாக்குவாதம். ஒருவரை வைத்துச் செய்த வேலை இது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடைக்குப் பதில் அவர் வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால், கரையைக் கொண்டு கறையைக் காட்டும் வாய்ப்பே எனக்குக் கிடைத்திருக்காது.

நேரம் பற்றிய கவலையும் நியாயமானது. வாலிலிருந்து படித்தால் தாமதமாகும் என்று பயந்தார். முதல் இரண்டு வாரம் ஆகவும் செய்தது. பிறகு ஒன்று நடந்தது. முதலில் அவசரமாக வட்டமிட்டு, பின் சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிற வேலை இல்லாமல் போனது. மொத்த நேரம் ஏறத்தாழ அதேதான்.

2025 ஜூலை 12 அன்று தேர்வு எழுதினார். தமிழ்ப் பகுதி அவருக்குப் பயம் தரவில்லை. பொது அறிவுப் பகுதி தந்தது. அது என் கையில் இல்லை. கடையில் இன்னும் வேட்டிப் பிரிவில்தான் இருக்கிறார்.

போன மாதம் விடுமுறை நாளில் நூலகத்துக்கு வந்தபோது கூடவே ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தார். அதே கடை, சுடிதார் பிரிவு, இருபது இருபத்தொன்று வயசு இருக்கும். நான் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் பெஞ்சில் அவர் ஒரு துண்டுத் தாளை மடித்து அந்தப் பெண்ணின் முன் வைப்பது தெரிந்தது.

"துவைத்தும் போகவில்லை. என்னது போகலை? சொல்லு."

"அழுக்கு, அக்கா."

"சரி. அழுக்கு ஆப்ஷன்ல இல்ல. இப்போ விரிச்சுப் பாரு."